எட்டை நல்லாப் போடுங்கண்ணே

ஜனவரி 9, 2025

இன்றும் ஆமை வரவில்லை. தொப்பி வந்திருக்கிறது.

ஆமைப் பாதுகாப்புத் திட்டத்தின் புதுக்கோட்டை அலுவலகத்திலிருந்து பார்சல். தன்னார்வலர்களுக்குத் தலைக்கு ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு டி-ஷர்ட். டி-ஷர்ட்டின் முதுகில் ஒரு தீவு, தென்னை மரம், பவளப்பாறை. கைப்பகுதியில் ஆரஞ்சு வரி போட்ட குட்டி மீன், பல் தெரியச் சிரிக்கிறது. இந்தச் சின்னமனைக்குடிக் கரையில் இவற்றில் தென்னை மட்டும்தான் உண்டு. அதுவும் கஜா புயலில் தலை போனது. மற்றபடி சேறு, தாழை எனப்படும் கடற்புல், நண்டு வலை, நாய்.

காலையில் கரையோரமாக நடக்க வேண்டும். வடக்குப் பாதி சக தன்னார்வலர் காவ்யா, தெற்குப் பாதி நான். செயலியில் மூன்று பெட்டி: ஆமைத் தடம், முட்டைக்குழி, இறந்த ஆமை. மூன்றிலும் சுழியம் போட்டு அனுப்பினால் ஒரு பொம்மை கைதட்டுகிறது. இல்லாததைக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு. இந்த நாட்டில் நிறையப் பேருக்கு இதே வேலைக்குச் சம்பளமே உண்டு. எங்களுக்குத் தொப்பி.

ஏன் நடக்கிறேன் என்று இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். ஏப்ரலில் ஒவ்வொரு கடற்கரையிலிருந்தும் ஒருவரை லட்சத்தீவுக்கு அனுப்புகிறார்கள், பவளப்பாறைக் கணக்கெடுப்புக்கு. இங்கே இருப்பது நானும் காவ்யாவும்தான். எனக்கு அது வேண்டும். ஆவூர்க் குளத்தில் நீந்தக் கற்று, மூன்று வருடம் விலங்கியல் படித்து, பவளத்தைக் கண்ணாடி அலமாரிக்குள் வெள்ளை எலும்பாக மட்டுமே பார்த்தவள் நான். உயிரோடு ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சின்னதா பெரியதா தெரியவில்லை.

ஜனவரி 12

அம்மா போன். "ஏண்டி மெர்லினு, கடக்கரையில நடக்குறதுக்கு எவனாச்சும் டிகிரி வாங்குவானா?"

நல்ல கேள்வி.

ஜனவரி 17

நாங்கள் தங்கியிருப்பது அமராவதி அக்கா வீட்டுப் பக்கத்து அறை. அக்கா நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிற வேலை பார்க்கிறார். அவர் கணவர் அருள்மணி அண்ணனுக்கு ஒரு பைபர் படகு. சின்னது. நண்டு வலை போடுவார்.

இன்று தீவுக்கான பயிற்சி. நீச்சல் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு, நண்டு அவிக்கிற அண்டாவில் தண்ணீர் நிரப்பி முகத்தை உள்ளே விட்டேன். கடலில் செய்யலாம்தான். ஆனால் முழங்கால் ஆழத்தில் சேறு கலங்கி என் கையே எனக்குத் தெரியவில்லை. அண்டா தெளிவாக இருக்கிறது. அடியில் ஒரே ஒரு நண்டுக் கால். அதைப் பவளம் என்று நினைத்துக்கொண்டு மூச்சு விட்டுப் பழகினேன்.

முதுகில் ஓர் அடி விழுந்தது. அமராவதி அக்கா.

"ஏ ஆமைக்காரி! ஒந் தலையெண்ணெயெல்லாம் அண்டாவுல மெதக்குது. அந்த நண்டத் தின்னுட்டு எவனாச்சும் பேதியாகிக் கெடந்தா யாரு பதில் சொல்றது?"

அருள்மணி அண்ணன் வலையைக் கோத்துக்கொண்டே, "விடு அமராவதி. பாப்பா ஆமை மாதிரி மூச்சுப் பிடிச்சுப் பழகுது. நாளைக்கு நம்ம வலையில வந்து விழும். விட்ருவோம்" என்றார்.

பிடித்துக்கொண்டேன். "அப்ப ஆமை விழுதா வலையில?"

அண்ணன் வலையை உதறினார். எழுந்து போய்விட்டார்.

ஜனவரி 18

கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது. இந்தக் கடலில் ஆமை உண்டு, அதுவும் நிறைய. பேராமை. முட்டையிட அல்ல, தாழை மேய வருகிறது. நாங்கள் கரையில் முட்டையைத் தேடுகிறோம். அது கடலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஒருவர் சாப்பிட வந்த இடத்தில் அவருக்குப் பிரசவம் பார்க்கக் காத்திருப்பதுபோல இருக்கிறது எங்கள் திட்டம்.

வலையில் மாட்டினால் விட்டுவிடுகிறார்களாம். ஆனால் மாட்டியது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கேஸ் என்று பயம். ஆக, எங்கள் சுழியம் சுழியம் அல்ல. வாயை மூடிக்கொண்டிருக்கிற ஒரு எண்.

ஜனவரி 25

வலைக்கூடத்தில் விழிப்புணர்வுக் கூட்டம். எங்கள் ஒருங்கிணைப்பாளர் ரகுநாத் சார் வந்தார். நிழலிலும் தொப்பியைக் கழற்ற மாட்டார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் பொன்னாடையுடன் ஒருவர், பல விசைப்படகு வைத்திருக்கிறவர். கடலடியையே சீவி எடுக்கிற வலைக்குச் சொந்தக்காரர் 'ஆமை நம் சொத்து' என்று பேசினார். உண்மையாகவே அவர் சொத்து என்று நினைத்திருக்கலாம். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. காவ்யா என் காதில், "மூஞ்சியக் கொஞ்சம் சாதாரணமா வையி, போட்டோ எடுக்குறாங்க" என்றாள்.

விஞ்ஞானிகள் ஆமையின் துடுப்பில் உலோக வில்லை மாட்டி, அது எங்கெங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதைப் படத்தோடு காட்டினார் சார்.

அருள்மணி அண்ணன் கை தூக்கினார். "அந்த வில்லையில ரெண்டு எங்களுக்கும் குடுங்க சார். நாங்களும் மாட்டி விடுறோம்."

"அது அனுமதி வாங்கினவங்க மட்டும்தான் செய்யணும்ங்க."

"அப்ப விட்ட ஆமைதான் திரும்ப வருதான்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"உங்களுக்கு எதுக்குங்க அது?"

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சிரித்தது. சமோசா வந்தது.

உங்களுக்கு எதுக்குங்க. எனக்கும் கல்லூரியில், பேங்கில், தாலுகா ஆபீசில் எல்லாரும் சொன்னதுதான்.

பிப்ரவரி 4

அருள்மணி அண்ணன் ஆமைக்கு நம்பர் போட்டுவிட்டார்.

காலையில் வலையில் ஒரு பேராமை. படகில் தூக்கி வைத்து, ஓட்டைத் துடைத்து, கதவுக்கு வாங்கி வைத்திருந்த நீலப் பெயின்டால் தன் படகுப் பதிவு எண்ணின் கடைசி மூன்று இலக்கம்: 418. வில்லை தராவிட்டால் போங்கள் என்று. பிறகு கடலில் விட்டிருக்கிறார்.

அமராவதி அக்காவுக்குக் கோபம் பெயின்டுக்காக. "வீட்டுக் கதவு துருப்பிடிச்சுக் கெடக்கு. இவருக்கு ஆமை முதுகு வெளுத்துப் போச்சாம்!"

"கதவு எங்கிட்டும் போகாது. ஆமை போகும்ல. யாரு விட்டதுன்னு தெரிய வேணாமா?"

நான் சொன்னேன். சொல்லத்தான் செய்தேன். "பெயின்ட் ஆகாதுண்ணே, அதுக்கு நல்லதில்ல."

"ஒங்க முதுகுலயும்தான் தீவு, மரமெல்லாம் பெயின்டு அடிச்சு விட்ருக்காங்க. நீ நல்லாத்தானே இருக்க."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கண்டிக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 11

ஊரே ஆமைக்கு நம்பர் போடுகிறது. டீக்கடையில் ஒரே பேச்சு.

"எங்காமை நேத்து மேலத்தெருக்காரன் வலையில விழுந்துச்சாம். நம்பரப் பாத்துட்டு மரியாதையா விட்டானாம்."

"ஒன் ஆமைக்கு வேற வேலையில்ல, அடுத்தவன் வலையில நண்டு திருடப் போயிருக்கு."

"ஏய், அது தாழை தின்னுறதுடா. சைவம்!"

வாயைத் திறக்காத ஊர், இப்போது ஆமையைப் பற்றிப் பெருமையடிக்கிறது. எங்கே விழுந்தது, எவ்வளவு பெரிசு, மறுபடி வந்ததா. நான் டீ குடித்துக்கொண்டே எழுதிக்கொள்கிறேன். காலையில் நடப்பதைவிட டீக்கடையில் உட்கார்வது நல்ல அறிவியலாக இருக்கிறது. முக்கியமாக ஒன்று: நம்பர் போட்ட ஆமையை யாரும் சாகவிட மாட்டேன் என்கிறார்கள். அடுத்தவர் பெயர் எழுதிய பாத்திரத்தை உடைப்பதுபோல அது.

பெயின்ட் கெடுதல்தான். நாளைக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 14

சொல்லவில்லை. ரகுநாத் சார் போன் செய்தார். தஞ்சாவூர் எல்லை வரை எந்தக் கரையிலிருந்தும் இப்படித் தகவல் வந்ததில்லையாம். "எப்படிம்மா வாங்கின?"

"பேசினேன் சார்."

பொய் இல்லை. முழுசும் இல்லை.

பிப்ரவரி 20

இன்று கடலுக்குப் போனேன். தன்னார்வலர்கள் படகில் ஏறக் கூடாது, விலங்கைத் தொடக் கூடாது - ரெண்டு விதி. இரண்டையும் காலைக் கஞ்சிக்கு முன்பே மீறியாயிற்று.

வியாழன், நாட்டுப்படகுகளுக்குரிய நாள். திங்கள், புதன், சனி விசைப்படகுகளுக்கு. கரை கண்ணுக்குச் சின்னதானதும் எனக்கு வாந்தி வந்தது. அண்ணன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு, "மீனுக்குச் சாப்பாடு போட்டாச்சா? வலைய எடுக்கவா?" என்றார்.

மூன்றாவது வலையில் கனம். இழுத்தால், அது! முதுகில் நீலமாக 41, பிறகு தேய்ந்த ஒரு கிறுக்கல்.

"வந்துட்டான் பாரு நம்மாளு!" மாமியார் வீட்டிலிருந்து மகள் வந்ததுபோல ஒரு முகம் அண்ணனுக்கு. அவரே ஆணாக்கினார், பெண்ணாக்கினார், திட்டினார், வலையை அறுத்து விடுவித்தார். வலைக்கு அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் போனை எஞ்சின் பெட்டி மேல் சாய்த்து வைத்து வீடியோ போட்டேன். ஆமையின் பக்கங்களை நான் பிடித்துக்கொள்ள, அண்ணன் பெயின்ட் டப்பாவைத் திறந்தார். ஆமை என் கையில் துடுப்பால் ஓங்கி ஒன்று வைத்தது. நான் கத்தினேன். அவர் சிரித்தார். எட்டு கோணலாக வந்தது. நான் சொன்னேன்: "எட்டை நல்லாப் போடுங்கண்ணே, மூணு மாதிரி இருக்கு!"

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இறக்கிவிட்டோம். ஒரு கணம் தண்ணீருக்கடியில் நீலம் தெரிந்தது. பிறகு வெறும் கடல்.

எழுதும்போதும் கை மரத்துத்தான் இருக்கிறது. இந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல அடி.

மார்ச் 3

லட்சத்தீவுக்கு நான்!

சார் போனில் சொன்னார். நான் நன்றி சொன்னேனா, இல்லை வெறுமனே "ஆங், ஆங்" என்றேனா, நினைவில்லை. காவ்யா கொஞ்ச நேரம் துணி மடித்தாள். பிறகு, "அங்க போயி அண்டாவத் தேடாத" என்றாள். கீரனூர்க்காரிக்குப் பொறாமையைக்கூட நாகரிகமாகச் சொல்ல வருகிறது. எனக்கு வராது. அவள் பேர் வந்திருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேன்.

மார்ச் 11

418 செத்துவிட்டது.

தெற்கே, எங்கள் எல்லையைத் தாண்டி ஒதுங்கியிருக்கிறது. யாரோ படம் எடுத்து, யாரோ எழுதி, மதியத்துக்குள் எல்லார் போனிலும்: 'ஆமையை வெட்டிக் கொன்று படகு எண்ணை எழுதிய கொடூரன்.' மூன்று இலக்கமும் பளிச்சென்று தெரிகிறது. எட்டு நன்றாக வந்திருக்கிறது. நான்தானே சொன்னேன், நல்லாப் போடச் சொல்லி.

ஓட்டில் பெரிய வெட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை. பெரிய எஞ்சினில் தண்ணீருக்கடியில் சுழலும் காத்தாடி போட்ட வெட்டு. அண்ணன் படகு எஞ்சினின் காத்தாடி என் கை அகலம்கூட வராது. நேற்று திங்கள். விசைப்படகு நாள். இந்த ஊர்ப் படகு ஒன்றுகூடக் கடலில் இல்லை.

இதை யாரும் கேட்கவில்லை. மாலையில் வனத்துறை ஜீப் வந்தது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். படகைச் சங்கிலி போட்டு நிறுத்திவிட்டார்கள்.

அத்தனை படகு ஓடுற கடல்ல, அதக் காப்பாத்தி விட்ட ஒரே ஒரு ஆளுதான் பேர எழுதி வச்சிருந்தாரு. அவரத்தான் புடிச்சாங்க. கொன்னவன் எழுதி வைக்கலையே. எழுதுவானா? என்னாங்கடா நியாயம் இது -

மார்ச் 12

அண்ணனை அனுப்பிவிட்டார்கள், கூப்பிட்டபோது வர வேண்டும் என்று. படகு வரவில்லை. கேஸ் முடியும்வரை வராதாம். எப்போது முடியும் என்று கேட்டதற்கு ஒருவர் சிரித்திருக்கிறார்.

ஊரில் பெயின்ட் டப்பாக்கள் மறைந்துவிட்டன. டீக்கடையில் நான் உட்கார்ந்ததும் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போகிறது. ஆமை என்ற சொல்லையே யாரும் சொல்வதில்லை.

என்னிடம் வீடியோ இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன். உயிரோடு விட்டது அதில் இருக்கிறது. வலையை அறுத்தது, அவர் முகம், எல்லாம்.

"வேணாம் பாப்பா. அதுல நீயும் இருக்கீல்ல. படகுல ஏறுனது, புடிச்சது, எட்டப் போடச் சொன்னது. தீவுக்கு விட மாட்டாங்க."

நண்டு ஓடு கிழித்த விரலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்த அமராவதி அக்கா தலையைத் தூக்காமல் சொன்னார்: "அவ தீவுக்குப் போவா சரி. படகு போச்சுன்னா நாம எந்தத் தீவுக்குங்க போறது?"

அண்ணன் அவரை முறைத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 13

காவ்யா நல்லவள். அதனால்தான் இவ்வளவு மோசமான யோசனை அவளுக்கு வந்தது. "முன்னாடி பாதிய வெட்டிரு. பெயின்ட் அடிக்கிறது, ஒன் சத்தம் எல்லாம் போயிரும். விடுறது மட்டும் இருக்கட்டும்."

வெட்டிப் பார்த்தோம். விடுகிற இடத்திலும் ஆமையின் ஒரு பக்கம் என் கை. கையில் டி-ஷர்ட். டி-ஷர்ட்டில் அந்த ஆரஞ்சு மீன், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. இன்னும் கொஞ்சம் வெட்டினோம். மீன் இருக்கிறது. இன்னும். மீன் போகும்போது ஆமையும் போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

"என்னடி இது, எங்க வெட்டுனாலும் மொறைக்குது" என்றாள் காவ்யா. இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை. எனக்கு அது சிரிப்புத் தண்ணீர் மட்டும் அல்ல.

அண்டா காலியாகக் கிடக்கிறது. படகு இல்லாமல் ஏது நண்டு. போகிற வழியில் அதை ஒரு உதை உதைத்தேன். கால் வலிக்கிறது.

மார்ச் 14

ரேஞ்சர் அலுவலகம். நானும் அண்ணனும் போனோம். அவர் வழியெல்லாம் "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, பஸ்ஸ விட்டு எறங்கிரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆவுடையார்கோவில் போகிற ஒரு பாட்டி நாங்கள் ஓடிப்போகிறோம் என்று நினைத்திருப்பார். அப்படிப் பார்த்தார்.

ரேஞ்சர் வீடியோவைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு மூன்றாவது தடவை போட்டார். என் குரல் அந்த அறையில் கேட்கிறது: எட்டை நல்லாப் போடுங்கண்ணே, மூணு மாதிரி இருக்கு.

"யாரும்மா இந்த டிராயிங் மாஸ்டர்?"

"நான்தான் சார்."

"பாதுகாக்கப்பட்ட விலங்கு. தொடுறதே குத்தம், தெரியுமா?"

"தெரியும் சார். கொல்றதும் குத்தம்தானே? அத யாரு செஞ்சான்னு விசாரிச்சீங்களா? திங்கக்கிழமை எந்தப் படகு கடல்ல இருந்துச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

அண்ணன் என் காலை மிதித்தார். நன்றாக மிதித்தார்.

அப்போது ரகுநாத் சார் வந்தார், வேர்த்து விறுவிறுத்து. காவ்யா சொல்லியிருக்கிறாள். முதல் தடவையாகத் தலையில் தொப்பி இல்லை. நடுவில் வழுக்கை. கோபத்திலும் அதைக் கவனித்தேன். அவர் என்னைத் திட்டுவார், அண்ணனைக் கைகழுவுவார் என்று நினைத்தேன். முதலாவதைச் செய்தார். இரண்டாவதைச் செய்யவில்லை. வெட்டின் அகலம், நாட்டுப்படகின் காத்தாடி, திங்கட்கிழமை - எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசினார், மாலை வரை. நான் கத்திச் சொன்னதையே மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். இது ஏன் என்று எனக்குத் தெரியும். பிடிக்கவில்லை.

வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். "மெர்லின், தீவுக்கு இனி உன் பேரை அனுப்ப முடியாது. இந்த சீசனோட தன்னார்வலர் வேலையும் முடிஞ்சுது. விதி."

"சரி சார்."

"அடுத்த தடவை வீடியோ எடுத்தா வாய மூடிட்டு எடு."

டீயில் சர்க்கரை அதிகம். முழுசும் குடித்தேன்.

மார்ச் 15

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 22

படகு வந்துவிட்டது. இனி எந்த விலங்கின் மேலும் எதையும் எழுத மாட்டேன் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை படகுகளைப் பற்றி விசாரிப்பார்களாம். விசாரிக்கட்டும். நான் மூச்சுப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

அமராவதி அக்கா முதல் நண்டை அவித்து என் தட்டில் மட்டும் இரண்டு போட்டார். "தின்னு. ஒந் தலையெண்ணெ போடாமத்தான் அவிச்சேன்."

மார்ச் 29

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேனோ. என்னை நானே திட்டிக்கொள்ளத்தான். இன்று வேறு ஒன்று கண்ணில் பட்டது: அதன் கன்னம். கண்ணுக்குப் பின்னால் செதில்கள், டைல்ஸ் பதித்த தரை மாதிரி. பேராமைக்கு இந்தச் செதில் அமைப்பு ஒன்றுக்கு இருப்பதுபோல மற்றொன்றுக்கு இருக்காது. படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். வலது கன்னம், இடது கன்னம், இரண்டு படம் போதும். பெயின்ட் வேண்டாம். வில்லை வேண்டாம். ஆமை போகிற இடமெல்லாம் தன் முகத்தோடுதானே போகிறது.

முகம் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கத் தெரிந்தவள், ஓட்டில் எண் எழுதப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளங்கும்.

அண்ணனிடம் சொன்னேன். படகிலேயே, தூக்கி மடியில் வைக்காமல், வலையைப் பிரிக்கிற நேரத்தில் இரண்டு படம்.

"ஆமைக்கு ஆதார் எடுக்கச் சொல்ற."

"ஆமாண்ணே."

"எடுத்து எங்க அனுப்ப? ஆபீசுக்கா?" சிரிப்பு நின்றுவிட்டது. "பட்டதே போதும் பாப்பா."

ஏப்ரல் 3

காவ்யா கிளம்பிவிட்டாள். தீவுக்கு அவள்தான். என் நீச்சல் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் கொடுத்தேன்.

"நண்டு வாசம் அடிக்குதுடி."

"பழகிக்க. அண்டாவுல பயிற்சி எடுத்தது."

பஸ் திரும்பும்வரை சிரித்துக்கொண்டே நின்றேன். திரும்பியதும் கொஞ்சம் அழுதேன். பக்கத்தில் நின்ற நாய்க்கு மட்டும் தெரியும்.

ஏப்ரல் 14

ஊருக்குப் போகிறேன். நாளை முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும். நான்தான் இருக்க மாட்டேன்.

அக்கா கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தார். அண்ணன் பஸ் நிறுத்தம் வரை வந்தார். "தீவு ஒண்ணும் ஓடிப் போயிறாது பாப்பா. அது என்ன, ஆமையா?"

ஏப்ரல் 27

ஆவூர். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், ஈஸ்டரையொட்டிய பாஸ்காத் திருவிழாவுக்குள் வந்துவிட்டேன் என்று. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்கிறாள்: "எம் மக ஆமையத் தொட்டதுக்கு கேஸு வாங்கிட்டு வந்துருக்கா." கேஸ் இல்லை, எச்சரிக்கை என்று திருத்தினேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள், ஏதோ பட்டம் வாங்கியதுபோல.

மே 9

காவ்யா படம் அனுப்பினாள். பவளப்பாறை. கண் கூசும் வெள்ளை.

'ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னேன். அப்புறம்தான் கூட வந்தவர் சொன்னார், சூட்டுல வெளுத்துப் போயிருக்காம். இப்படியே இருந்தா செத்துருமாம்.'

கொஞ்சம் கழித்து இன்னொரு செய்தி: 'ஆனா இந்தப் பக்கம் கொஞ்சம் உயிரோட இருக்கு. உனக்காகப் பார்த்தேன்.' பழுப்பும் பச்சையுமாக ஒரு சின்னக் குவியல். மீன் எதுவும் சிரிக்கவில்லை.

பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலமாரி எலும்பைவிட அசிங்கமாகத்தான் இருக்கிறது. உயிர் இருப்பதால் இருக்கும்.

ஜூன் 2

புதுக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார மருந்துக்கடையில் பில் போடும் வேலை. தினமும் பஸ். நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிறேன். கடலில் வந்த வாந்தி விராலிமலை ரோட்டிலும் வருகிறது.

ஜூன் 19

வியாழன். நாட்டுப்படகு நாள். அது இன்னும் என் உடம்பில் ஓடுகிறது.

மதியம், பில்லுக்கு நடுவில் போன் அதிர்ந்தது. அமராவதி அக்கா எண்ணிலிருந்து இரண்டு படம். முதலாவதில் ஒரு பேராமையின் வலது கன்னம். இரண்டாவதில் இடது. செதிலுக்குச் செதில் தெளிவு. யாரும் பிடிக்கவில்லை. பின்னால் வலை, படகு விளிம்பு. விளிம்பில் பதிவு எண் எழுதியிருக்கும் இடத்தில் ஒரு துண்டு விரித்துப் போட்டிருந்தது. காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு பெயின்ட் டப்பா. நீலப் பெயின்ட்.

தொடர்ந்து அக்காவின் குரல்: "இந்தா மெர்லினு, படம் நல்லா இருக்கா? மூஞ்சியத் தண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான் எடுத்தாராம். யாரு எடுத்தான்னு எனக்குத் தெரியாது. இது எங்க படகு இல்ல."

நடுவில் ஓர் ஆண் குரல், தூரத்திலிருந்து: "எங்க படகு இல்லன்னு ரெண்டு தடவ சொல்லு."

"சொல்லிட்டேங்க!"

என்னிடம் இருக்கும் ஒரே முகம் 418-உடையது. ஒப்பிட்டுப் பார்த்தேன், தெரிந்திருந்தும். இது வேறு. புதிது.

சாயங்காலத்துக்குள் தெரியாத எண்களிலிருந்து இன்னும் மூன்று வந்தன. ஒன்றில் படகு எண் மேல் சாக்கு. ஒன்றில் சாப்பாட்டுத் தூக்கு. ஒன்றில் முழு உள்ளங்கை, ஐந்து விரலையும் அகல விரித்து. ஆமைகளுக்கு மட்டும் முகம் இருந்தது.

ரகுநாத் சாருக்கு அனுப்பினேன், படங்களை மட்டும். உடனே கேட்டார்: 'அருமை! எந்தப் படகு?'

பஸ் கீரனூர் தாண்டும்வரை யோசித்தேன். பிறகு எழுதினேன்: 'தெரியாது சார்.'

பதில் வந்தது: 'நல்லது. எனக்கும் தெரிய வேண்டாம்.'

அக்காவுக்கு இன்னும் பதில் போடவில்லை. போட வேண்டும். அடுத்த தடவை இடது கன்னத்துக்கு வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்து வரட்டும் என்று. அந்தத் துண்டு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கட்டும் என்று. நாலின் கால் ஒன்று வெளியே தெரிகிறது.